மிதிக்காத சைக்கிள்

"நிறுத்தும்வே! பெடல்ல காலை வச்சுக்கிட்டு மிதிக்காமலே போறீரு, இது என்ன வித்தை?"

சப்-இன்ஸ்பெக்டர் சாலமோன் சாலை நடுவே கையை விரித்து நின்றார். ஈரடுக்குப் பாலத்தின் அடிவாரம். காலை ஒன்பதரை மணிக் கூட்டம். சைக்கிள் அவருடைய பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

இந்த வாரத்தில் இது ஐந்தாவது தடவை. நான்கு தடவையும் இந்த மனிதர் மணியடித்துக்கொண்டே அவரைக் கடந்து போயிருக்கிறார். சத்தம் இல்லை, புகை இல்லை. எதை வைத்துப் பிடிப்பது? நேற்று இன்ஸ்பெக்டர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "உம்ம மூக்குக்கு முன்னால போறது சைக்கிளா மோட்டாரான்னு உமக்குத் தெரியலையாவே? நாளைக்கு எனக்கு எழுத்துல வேணும்."

சாலமோனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

"பேரு?"

"கைலாசம். பாளையங்கோட்டையில பிசிக்ஸ் வாத்தியார். வண்டி நானே செஞ்சதுய்யா. மூணு வருச லீவு பூரா இதுலதான் போச்சு. ஒரு தடவை களக்காடு வரைக்கும் இதுல போயிட்டு வந்திரணும். வேற ஆசை இல்ல."

"ஆர்.சி. புக்கை எடும்."

"சைக்கிளுக்கு ஏதுய்யா ஆர்.சி.?"

சாலமோன் குனிந்தார். கேரியரில் சாக்கு போர்த்திய லாரி பேட்டரி. பின்சக்கரத்தை ஒட்டி, தேங்காய் பருமனில் ஓர் இரும்பு உருளை.

"இது என்னது?"

"பழைய ஜீப் டைனமோ. ஊர்ல எல்லாச் சைக்கிள்லயும் டைனமோ இருக்கே. என்னுது கொஞ்சம் பெருசு."

கூட்டம் சிரித்தது. எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காஜா முகைதீன் கையில் ஸ்பானரோடு வந்துவிட்டார்.

"பெடல் இருக்கு, செயின் இருக்கு, மணி இருக்கு. சைக்கிள்தான்யா. எங்கிட்ட வந்தா பஞ்சர் ஒட்டித் தருவேன்."

"லாரிக்கும்தான் ஒட்டுதீரு. அது சைக்கிளாவே?"

சாலமோன் இன்னொரு முறை வண்டியைச் சுற்றி வந்தார். கம்பிகள் ஒழுங்காக வளைந்து ஓடின. ஒவ்வொரு முடிச்சிலும் மெழுகுநூல். கேஸ் எழுதினால் வாத்தியார் கோர்ட்டுக்கு அலைவார். வண்டி ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் துருப்பிடிக்கும். களக்காடாவது ஒன்றாவது. அவருக்கு மனசு இளகியது.

"சரி, போம். இனிமே இந்தப் பக்கம் வராதேயும். இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

கைலாசம் நகரவில்லை.

"அப்ப இது சைக்கிள்தான்னு ஐயாவே ஒத்துக்கிட்டாச்சு. எல்லாரும் கேட்டுக்கிடுங்க!"

யாரோ விசிலடித்தார்கள். சாலமோனுக்குக் காது சுட்டது.

"இறங்கும்வே கீழ!"

தொப்பியைக் கழற்றி காஜாவிடம் நீட்டினார். சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எதை அமுக்கணும்?"

"அதைச் சொன்னா மோட்டார்னு ஆயிருமேய்யா."

ஹாண்டில்பாரில் ஒரு வேக மீட்டரும் பக்கத்தில் ஒரு காலிங்பெல் சுவிட்சும் இருந்தன. சாலமோன் சுவிட்சை அமுக்கினார். வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பியது.

இரண்டு காலையும் அகல விரித்தபடி பாலத்தின் ஏற்றத்தில் ஏறினார். எல்லாரும் இறங்கித் தள்ளுகிற ஏற்றம். அவர் தொந்தியோடு, மிதிக்காமல், மூச்சு வாங்காமல் ஏறினார். சட்டைக்குள் காற்று புகுந்து உப்பியது. ஒரு மாட்டுவண்டியைத் தாண்டினார். தள்ளிக்கொண்டு போன ஏழெட்டு சைக்கிள்காரர்களைத் தாண்டினார். டவுன் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கும்பிட்டார்.

"ஏசப்பா!" என்று யாரோ கத்தினார்கள். தன் வாய்தான் என்று சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

உச்சியில் திருப்பி, இறங்கி வந்து நிறுத்தியபோது ஐம்பத்திரண்டு வயது சாலமோனின் முகம் முழுக்கப் பல்லாக இருந்தது.

"மோட்டார்! சத்தியமா மோட்டார்வே!"

கூட்டம் கைதட்டியது. கைலாசம் மட்டும் தலையை ஆட்டினார்.

"இறக்கத்துல தானா உருண்டிருக்கும்யா."

"இறக்கமா? ஏத்தத்துலவே! மீட்டர்ல பதினஞ்சு காட்டுச்சு!"

"வாயால சொல்லலாம். அதெல்லாம் எழுத்துல நிக்காது."

"நிக்காதா? எழுதிக் காட்டுதேன் பாரும்!"

ஓரமாக நின்ற போலீஸ் ஜீப்பின் பானட்டில் கார்பன் வைத்துத் தாளை விரித்து, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினார். 'மேற்படி வண்டி மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வாகனமே. மிதிக்காமல் பால ஏற்றத்தில் ஏறியது. நானே ஓட்டிச் சோதித்தேன். பதிவு எண் இல்லை.' கீழே கையெழுத்து, முத்திரை, 1996 ஜூன் தேதி.

ஒரு நகலைக் கிழித்து நீட்டினார்.

"இப்போதைக்கு வீட்டுக்குத் தள்ளிக்கிட்டே போம். நம்பர் வாங்காம ரோட்டுல ஏறினீரு, வண்டி ஸ்டேஷனுக்கு வந்திரும்."

கைலாசம் அதை இரண்டு தடவை வாசித்தார். கண் கலங்கியது.

"என்னவே, அழுதுராதேயும். நான் என் கடமையைத்தானே செய்யுதேன்?"

கைலாசம் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த பழைய தாள் ஒன்றை எடுத்தார். இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார். சாலமோன் எட்டிப் பார்த்தார். வாகனப் பதிவு ஆபீஸ் கடிதம், ஜனவரி மாதத்தது.

'தங்களுடையது வெறும் சைக்கிள். ஆகவே பதிவு எண் வழங்க இயலாது. மோட்டார் வாகனமே என்று அரசு அதிகாரி எவரேனும் எழுத்து மூலம் உறுதி செய்தால் தங்கள் மனு மீண்டும் பரிசீலிக்கப்படும்.'

"அஞ்சு நாளா உங்க முன்னாலயே போய்ப் போய் வந்தேன்யா," என்றார் கைலாசம், கண்ணைத் துடைத்துச் சிரித்தபடி. "நீங்க பிடிக்கவே மாட்டேன்னுட்டீங்க!"