அட்டை மேல் பேனா

ஒரு கோல்கீப்பரின் கையெழுத்துக்காக முப்பது வருடம் ஏங்கியவர், அந்த ஆட்டக்காரரின் இளவயதுப் படம் போட்ட அட்டையை, விளையாட்டு வீரர்களின் பட அட்டைகள் விற்கும் கடையின் மேஜையில் வைத்தார்.

“இதுக்கு நல்ல உறையா குடுப்பா.”

பக்கத்தில் நின்ற வழுக்கைத் தலைக் கிழவர் சிரித்தார். “புது அட்டை பாக்கெட்டும் வாங்கிப் பாருங்க தம்பி. உள்ளே கையெழுத்துப் போட்ட அட்டையெல்லாம் வருது.”

“அந்தக் குப்பைய உங்க பேரனுக்கு வாங்கிக் குடுங்க தாத்தா.”

கிழவர் கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பேனாவுடன் அட்டை மேல் குனிந்தார்.

அட்டை கொண்டுவந்தவர் மேஜையிலிருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து, கிழவரின் கையை ஓங்கி அடித்தார். விரல் எலும்பு நொறுங்கியது. மறுபடியும் அடித்தார்.

“என் அட்டையிலயா கிறுக்குற?”

“ஐயோ, விடுங்கண்ணே!” கடைக்காரர் அலறினார். “புது பாக்கெட் அட்டைகளுக்குக் கையெழுத்துப் போட வந்தவரே இவர்தான்! அட்டையில இருக்கறதும் இவர்தான்!”

அட்டையில், ரத்தத்துக்கு நடுவே, பெயரின் முதல் எழுத்து மட்டும் இருந்தது.