ரீமாக்குக்கு ஒரு வரி

"ஒரே ஒரு வரிம்மா! அதுக்குக்கூடவா இடம் இல்லை?"

ரிடையரான உயிரியல் பேராசிரியர் அச்சுக்கு முந்தைய ப்ரூஃப் தாள்களை மேஜையில் பொத்தென்று போட்டார். எதிரே இருந்த பதிப்பகத்து எடிட்டர் பெண், டீ கிளாஸை ஜாக்கிரதையாகத் தள்ளி வைத்தாள்.

"இடம் இருந்தா போடமாட்டேனா சார்? கடைசிப் பக்கம் மூச்சுமுட்டி நிக்குது. ஒரு வரி கூடினா அடுத்த பக்கத்துக்கு ஓடும். அடுத்த பக்கம்னு ஒண்ணு கிடையாது. நாளைக்கு அச்சு மெஷின் ஏறுது."

"எனக்காகவா கேக்கறேன்? ரீமாக்குக்காகம்மா!"

செல் கொள்கை உருவான கதையைத்தான் அவர் புத்தகமாக எழுதியிருந்தார். தக்கைச் சீவலில் குட்டிக் குட்டி அறைகளைப் பார்த்த ஹூக், செடி கொடியெல்லாம் செல்களால் ஆனவை என்ற ஷ்லைடன், விலங்குகளும் அப்படித்தான் என்ற ஷ்வான், செல்லிலிருந்துதான் செல் பிறக்கும் என்று முழங்கிய விர்ஷோ என எல்லாரும் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு செல் பிரிந்து இன்னொன்று உண்டாவதை விர்ஷோவுக்கு முன்பே பார்த்து எழுதிய ரீமாக் மட்டும் விட்டுப்போயிருந்தார். காலையில் பல் தேய்க்கும்போதுதான் பேராசிரியருக்கு அது உறைத்தது. வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் ஓடி வந்திருந்தார்.

"நீங்க எழுதிக் குடுத்ததுலயே அவர் இல்லையே சார்," என்றாள் எடிட்டர் தயங்கி.

"மறந்துட்டேன். விர்ஷோ அவர் பேரைச் சொல்லலை. ஊர் உலகம் மறந்துடுச்சு. இப்ப நானும் விட்டுட்டா, அந்த மனுஷன் எங்கேதான் போவார், சொல்லு?"

நடிப்பில்லை, அவருக்கு நிஜமாகவே மனசு தாங்கவில்லை.

எடிட்டர் பென்சிலை எடுத்தாள். "சரி சார். இந்த அத்தியாயத்துல எங்கேயாவது ஒரு வரியை எடுத்துடலாம். இதோ, 'எண்ண எண்ண வியப்பன்றோ இது!'"

"ஐயையோ, அது உயிர்நாடி!"

"ஹூக்கைப் பத்தி இங்கே திரும்பவும் வருது..."

"அழுத்தத்துக்காகச் சொன்னது. கை வைக்காதே."

"நீங்க காலேஜ்ல தங்கப் பதக்கம் வாங்கினது?"

பேராசிரியர் அந்த வரியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "அது... அது மாணவர்களுக்கு ஒரு உற்சாகம்மா."

பென்சில் எங்கே போனாலும் அவர் கையும் கூடவே போனது. கடைசியில் பென்சில்தான் களைத்துப்போய்ப் படுத்தது.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "அடுத்தவன் உழைப்பை மறைச்சவங்களுக்கும் உனக்கும் என்னம்மா வித்தியாசம்? நேரத்துக்குப் புத்தகம் வந்தா உனக்குப் போதும். ஒரு பேர் விட்டுப்போற வலி உனக்கு எங்கே தெரியப்போகுது?"

அவள் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் அந்தக் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கறேன் சார்."

"பாக்கறேன்னா இல்லைன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?" என்று விருட்டென்று கிளம்பிவிட்டார்.

புத்தகம் வந்து சேர்ந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினார். இருந்தது! 'விர்ஷோவுக்கு முன்பே இதைக் கண்டு எழுதியவர் ரீமாக்.'

கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பாத்தியா?" என்று மனைவியிடம் நீட்டினார். "ஒரு சத்தம் போட்டேன். இடம் தானா வந்துடுச்சு!"

"அதுக்குப் பதிலா எதை வெட்டினாங்களோ?" என்றாள் மனைவி.

பேராசிரியருக்குப் பகீரென்றது. வீட்டிலிருந்த பழைய ப்ரூஃப் நகலைத் தேடி எடுத்து, வரிவரியாக விரலை ஓட்டினார். வியப்பு இருந்தது. ஹூக் இரண்டு தடவையும் இருந்தார். தங்கப் பதக்கம் பத்திரமாக இருந்தது.

"என்னுது ஒண்ணுகூடப் போகலை! இடம் இருந்திருக்கு, சும்மா பிகு பண்ணியிருக்கா."

"பாவம், வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்தீங்க. போன் போட்டு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க. அந்தப் பொண்ணு பேர் என்ன?"

பேராசிரியர் விழித்தார். இத்தனை மாதமும் 'இந்தாம்மா', 'என்னம்மா'விலேயே ஓட்டிவிட்டார்.

"பேரா? கடைசிப் பக்கத்து அடியில வேலை செஞ்சவங்க பேரெல்லாம் போடுவாங்களே, பாத்தாப் போச்சு."

பார்த்தார். அட்டைப்படம் வரைந்தவர் பெயர் இருந்தது. அடுத்த வரியிலேயே அச்சகத்தின் பெயர். எடிட்டரைக் காணோம்.

குழப்பத்தோடு ப்ரூஃபின் அடிப்பகுதிக்கு விரலைக் கொண்டுபோனார்.

அட்டைப்படம் வரைந்தவருக்கும் அச்சகத்துக்கும் நடுவே அதில் இன்னொரு வரி இருந்தது. 'செம்மையாக்கம்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர். அதை அவர் இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார்.