கடைசிக் குளியல்

இறப்பு பதிவான நிமிடமே முகிலனின் குழாய் நின்றுவிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு லிட்டர். ஆள் போனால் பங்கும் போகும். அந்த விதியை எழுதியவளே யாழினிதான். நீர்ப்பங்குத் துறையில் அதற்காகப் பதவி உயர்வும் வாங்கினாள்.

இப்போது கூடத்தில் அவள் கணவன் முகிலன் கிடக்கிறான். அவளுடைய பங்கெல்லாம் காலையிலேயே அவன் காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டுத் தீர்ந்துபோயிருந்தது.

"அண்ணனக் குளிப்பாட்டணுமே அண்ணி," என்றாள் நாத்தனார். "ஒரு செம்பு தண்ணிகூடவா இல்ல?"

அடுத்தவர் பங்கை வாங்குவது குற்றம். அதையும் எழுதியவள் யாழினிதான்.

அப்போது இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பின்தெருவில் பார்த்த முகம், பெயர் தெரியாது. முகிலனின் கால்மாட்டில் குடத்தை இறக்கினாள். அவள் வீட்டில் இன்று யாரும் குடித்திருக்க மாட்டார்கள் என்பது நிரம்பிய குடத்தைப் பார்த்ததுமே யாழினிக்குத் தெரிந்தது.

"போன வருசம் எம்புள்ள செத்தப்ப, ரெண்டு செம்பு தண்ணி கேட்டு உங்களுக்கு மனு போட்டேன். விதியில எடமில்லன்னு பதில் வந்துச்சு. வெறுந்துணியால தொடச்சுத்தான் கொண்டுபோனோம். இவராவது குளிச்சிட்டுப் போகட்டும்."

யாழினிக்கு அந்த மனு நினைவில் இல்லை. அதைப்போல் எத்தனையோ மனுக்களை நிராகரித்துக் கையெழுத்திட்டிருக்கிறாள்.

"புள்ள பேரு என்னம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

அந்தப் பெண் செம்பை முக்கி எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"மனுவுலயே எழுதியிருந்தேனே."