கொட்வினைக் குடுப்பம்

"கொட்வினைக் குடுத்துப்போட்டு ஷெறோனை எடுப்பம்" என்றார் லெட்சுமணன்.

சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மகள் துளசிக்கு அது திறந்த கதவால் கேட்டது. அதைச் சொல்லும்போது அப்பா எதிரில் இருந்த றஜீவ் மாமாவைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவைத்தான் பார்த்தார்.

லெட்சுமணன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உடம்பு சும்மா கிட என்று சொல்லும், அவர் கேட்கமாட்டார். ஹவுன்ஸ்லோ தமிழ்ப் பெடியன்களின் கூடைப்பந்து அணிக்கு அவர்தான் மனேச்சர். கிழக்கு லண்டன் பார்க்கிங் ஊர் அணியின் ஷெறோன் பெரிய பெயர் எடுத்த ஆட்டக்காரன். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று பார்க்கிங்காரர் கேட்டிருந்தார்கள்.

"அத்தான், உங்களுக்கு விசரே?" என்றார் றஜீவ் மாமா. "ஷெறோனுக்கு முழங்கால் போட்டுது. பஸ்ஸில ஏறவே கைபிடி தேடுறான்."

"பேர் இருக்கெல்லே. சனம் பாக்க வரும்."

"அவன் நொண்டுறதைப் பாக்கவோ? கொட்வின் இளந்தாரி. போன முறை அவன் இல்லாட்டி நாங்கள் அரையிறுதியையே கண்டிருக்கமாட்டம். ஷெறோன் கட்டாயம் வேணுமெண்டால் வேற ஆரையும் குடுங்கோ. ரெண்டு பேரைக் குடுங்கோ."

"இல்லை. கொட்வின்தான் போகவேணும்."

காரணம் துளசிக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போன அப்பா, திரும்பி வரும்போது ட்ராம் நிறுத்தத்தில் அவளைக் கண்டுவிட்டார். கொட்வினின் கை அவள் கைக்குள் இருந்தது.

அப்பா கிட்டவே வரவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு சொல் கேட்கவில்லை. ஏசியிருந்தால் அழுதாவது முடித்திருப்பாள்.

கொட்வின் வேதக்காரப் பெடியன். பந்தைத் தொடமுன் நெற்றியில் சிலுவை போடுகிறவன். பெரியப்பாவின் மகள் அன்பரசி இப்படி ஒருவனோடு பழகுகிறாள் என்று தெரிந்த கிழமையே அவளைக் கனடாவுக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்ததே அப்பாதான்.

சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. கொட்வின்தான். 'அப்பா கதைக்கவேணும் எண்டவர். பிராக்டிஸ் விசயமோ, கேட்டுச் சொல்லு.' பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பதில் போடாமல் போனை அணைத்தாள்.

முன்னறையில் மாமா விடவில்லை.

"அந்த நொண்டியை எடுக்கிறதுக்கு என்ர மோனை எடுத்திருக்கலாம். வாசல் நிலை இடிக்கிற உயரம். உங்களுக்கு மருமோன் எண்டபடியால் போய் ஹரோ ரீமுக்கு விளையாடுறான்."

"மனேச்சரின்ர சொந்தக்காரர் அவற்ற ரீமில விளையாடக் கூடாதெண்டு சட்டம் போட்டது நானே? மனேச்சர்மார் சொந்தக்காரரையே இறக்கீனமெண்டு கதிரை எறிஞ்சு சண்டை பிடிச்சனீங்கள் நீங்கள்தானே."

"நான் ஒரு கதிரைதான் எறிஞ்சனான்" என்று மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

"ஓம், லெட்சுமணன் கதைக்கிறன். கொட்வினை நீங்கள் எடுங்கோ. ஓம், இண்டையில இருந்தே. அவனை இங்க வரச்சொல்லியிருக்கிறன், நானே சொல்லுறன்."

இங்கேயா? அவனை நிற்கவைத்து என்ன சொல்லப்போகிறார்? தன் பாஸ்போர்ட் அப்பாவின் அலுமாரியில் கிடப்பது துளசிக்கு நினைவு வந்தது. கோப்பைகளைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

மாமா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன பிள்ளை, தேயிலை போடேல்லையே? வெறும் பாலும் சுடுதண்ணியுமாய்க் கிடக்கு."

அப்பா தன் கோப்பையை முழுவதும் குடித்தார். அவள் மெல்லத் திரும்பினாள்.

"நில்லு" என்றார்.

நின்றாள்.

மாமா கோப்பையை ஒதுக்கி வைத்தார். "எல்லாம் முடிச்சிட்டியள். இப்பவாவது சொல்லுங்கோ அத்தான். அந்தப் பெடியனில என்ன பிழையைக் கண்டனீங்கள்?"

வாசல் மணி அடித்தது. லெட்சுமணன் வெறுங்கோப்பையை மகளின் கையில் கொடுத்தார்.

"பிழை ஒண்டுமில்லை. மருமோன் எங்கட ரீமில விளையாட ஏலாதெல்லே."