வாத்தின் கால் மரு

டாக்டரிடம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாத்துக்கு ஒரே பயம். பாதத்தில் முளைத்திருப்பதைக் கால் ஆணி என்றால் கத்தியை எடுப்பார்கள். மரு என்றாலோ, மற்றவர்களுக்கும் பரவும் என்று குளத்தில் இறங்கவே விடமாட்டார்கள். குளம் இல்லாமல் ஒரு வாத்து எப்படிப் பிழைக்கும்?

கிளினிக்கில் கொக்கு டாக்டர், "காலை நீட்டும்மா" என்றார்.

வாத்து நல்ல காலை நீட்டியது.

"இதுல ஒண்ணும் இல்லையே?"

"ரொம்ப சந்தோஷம் டாக்டர். அப்ப நான் கிளம்பட்டுமா?"

"அந்தக் காலையும் காட்டிட்டுப் போ. நான் நாள் பூரா ஒத்தைக் கால்ல நிக்கிற ஆளு, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

வேறு வழியில்லாமல் வாத்து மற்றக் காலையும் நீட்டியது.

டாக்டர் குனிந்து பார்த்தார். "மருதான். தினமும் இந்த மருந்தைத் தடவு. தண்ணி புகாத பிளாஸ்திரியை மேலே ஒட்டிக்கிட்டு, தாராளமா நீந்து."

வாத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே மருந்து தடவி, பிளாஸ்திரியும் ஒட்டிக்கொண்டு குளத்துக்குக் கிளம்பியது. வழியில் கோயிலைக் கண்டதும் நின்றது. தான் சாமியிடமும் போவதை மருந்து பார்த்துவிட்டால் கோபித்துக்கொள்ளுமே என்று மருந்துப் புட்டியைச் சிறகுக்குள் மறைத்துக்கொண்டு, மரு உதிர வேண்டி உப்பும் மிளகும் ஒரு பிடி போட்டுக் கும்பிட்டது.