சிவப்பில் ஆறு

கிராஃப் தாளில் இன்று சிவப்புப் புள்ளி ஒரு கட்டம் இறங்கியிருந்தது.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நேற்று ஏழு. இன்று ஆறு.

பால்கனியில் அவள் கணவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷம் ஷேர் புரோக்கர் ஆபீசில் இதே வேலை. ஒரு வருஷத்தில் இல்லாத உச்ச விலையை இன்று தொட்ட கம்பெனிகள் எத்தனை, ஒரு வருஷத்தில் இல்லாத அடிமட்டத்துக்குப் போனவை எத்தனை. எண்ணி, கிராஃப் தாளில் பச்சைப் புள்ளி ஒன்று, சிவப்புப் புள்ளி ஒன்று. சந்தை ஏறுகிறது என்று ஊரே குதிக்கும்போது இவர் சிவப்பைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். பெரும்பாலும் இவர் உதடுதான் ஜெயிக்கும். முதலாளியே கெஞ்சினாலும் ஒரு புள்ளியை நகர்த்த மாட்டார்.

ரிட்டயர் ஆனார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். எண்ணின கை மட்டும் இருக்குமா?

குடியிருப்பைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களை எண்ண ஆரம்பித்தார்.

அவளையும் சேர்த்து இருபத்து நான்கு பேர். ஒரு வருஷத்தில் இல்லாத தெளிவு யார் முகத்தில் இருக்கிறதோ, அவர் பெயர் பச்சையில். ஒரு வருஷத்தில் இல்லாத அளவுக்கு யார் முகம் விழுந்திருக்கிறதோ, அவர் பெயர் சிவப்பில். மற்றவர்கள் நடுவில், கறுப்பில்.

வேலையற்ற வேலை என்று அவள் சிரித்தாள். போன மாதம் வரை.

போன மாதம் ஒருநாள் சிவப்பில் ஒன்று குறைந்தது. பி பிளாக் காளியண்ணன் பெயர் மூன்று வரிசையிலும் இல்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள்.

"எண்ணுறப்ப வரலை அம்மிணி" என்றார்.

காளியண்ணன் அப்போது கீழே மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தார். அண்ணாந்து அவளைப் பார்த்துக் கையாட்டினார்.

மதியம் ஆம்புலன்ஸ் வந்தது.

பத்து நாள் கழித்துச் சரோஜினி டீச்சர். காலையில் பெயர் விடுபட்டது. சாயங்காலம் போன் வந்தது.

அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

அவள் பெயர் பதினோரு நாளாகச் சிவப்பில் இருந்தது. கழுத்தில் கட்டி. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் திங்கட்கிழமை. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் இந்தத் தாள் சொல்லிவிடும். அதனால் காலையில் எழுந்ததும் இதைத்தான் பார்க்கிறாள். பச்சை கேட்கவில்லை. நடுவுக்கு வந்தால் போதும்.

ஆறு.

அப்படியென்றால் நடுவுக்கு வந்துவிட்டாள். நடு வரிசையில் விரல் வைத்துத் தேடினாள். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே.

பச்சையில் மூன்று பேர். அதிலும் இல்லை.

"ஏனுங்க, என்ற பேரு எங்கீங்க?"

பென்சில் முனை ஒடிந்தது. மறுபடி சீவினார். நிமிரவில்லை.

நாற்பத்தொரு வருஷத்தில் அவள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. சிடுசிடுத்தாவது சொல்வார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. உயிரோடு எதிரே நிற்கிற பெண்டாட்டியை எண்ணாமல் விட இவர் யார்?

சிவப்புப் பென்சிலை எடுத்தாள். சிவப்பு வரிசையின் கடைசியில் தன் பெயரை எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டது. ஆறுக்கு மேலே, ஏழில், ஒரு புள்ளி வைத்தாள். அழுத்தி வைத்தாள்.

தாளை அவர் மடியில் போட்டாள்.

"இப்ப எண்ணுங்க."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு, இன்று முதல்முறையாக, அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

அப்புறம் மேஜைமேல் கையால் துழாவி ரப்பரைத் தேடினார்.