பத்தொன்பது கரண்டிகள்

எங்கள் குடும்பப் புனிதரின் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வாசலிலேயே இனிப்புக் கோதுமை ஒரு கரண்டி உண்டு, கரண்டியைத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டு உள்ளே வந்து விருந்துக்கு உட்காருவார்கள்.

போன மாதம் பெல்கிரேட் நீதிமன்றத்தில் பொய் சொன்னேன். போர்க்காலத்தில் ஒரு புனிதர் நாளன்று, ஆற்றங்கரையில் பஸ்ஸிலிருந்து பதினாறு பேரை இறக்கிச் சுட்டுக்கொன்ற படையோடுதான் என் கணவர் ராடிசாவ் இருந்தார். நானோ, அன்று அவர் வீட்டில் விருந்தாளிகளோடு இருந்தார் என்றேன்.

“எத்தனை விருந்தாளிகள்?” என்று கேட்டார் அரசு வக்கீல்.

வாயில் வந்த எண்ணைச் சொன்னேன். “பதினாறு.”

ராடிசாவை விடுவித்துவிட்டார்கள்.

இந்த வருடப் புனிதர் நாளுக்குப் பக்கத்து வீட்டார் மூவர் மட்டும் வந்து, மதியமே கிளம்பிவிட்டார்கள். குவளையைக் கவிழ்த்தேன். பத்தொன்பது கரண்டிகள். எங்கள் வீட்டில் இருப்பதே பன்னிரண்டுதான்.

ராடிசாவ் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “வந்தது மூணே பேருடி. எதுக்கு இவ்ளோ கரண்டிய எடுத்த?”

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கோதுமை உண்டவர்களைப் பசியோடு அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. குனிந்த தலையோடு மேஜையில் பதினாறு தட்டுகளை வைத்தேன்.

நாற்காலிகள் ஏற்கெனவே இழுத்துப் போடப்பட்டிருந்தன.